மெஷின் யார் கையில் நின்றது

பேகம்பூர், திண்டுக்கல்
வியாழக்கிழமை

அன்புள்ள இஃப்பத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, நேற்றுப் போய்ப் பார்த்தேன். விசாரிப்பு முடிந்தது. இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

நீயும் உன் கூட்டமும் செய்கிற, புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் அந்தக் கம்பைலரில் கோளாறு என்று நான் அனுப்பிய புகாரை மூன்று தடவை மூடிவிட்டீர்கள். தப்பு வந்த ஃபைலை இணைக்கவும் என்று ஒரே பதில். ஃபைலே இல்லை என்பதுதானே டி புகார். எங்கள் காலேஜ் லேபில் பிள்ளைகள் புரோகிராமை ஃபைலாகச் சேமிக்காமல் திரையில் ஒரு கட்டத்துக்குள் நேராக அடிக்கிறார்கள். அதில் தப்பிருந்தால், எந்த வரி என்று காட்ட உங்கள் கம்பைலர் ஃபைலைத் தேடுகிறது. ஃபைல் இல்லையென்றதும், தப்பையும் சொல்லாமல் தானே விழுந்து சாகிறது. மூன்றாவது தடவை மூடியது நீ. உன் பெயரைப் பார்த்ததும் காரியம் முடிந்ததென்று சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நான்சி என்று என் மாணவி, வேடசந்தூர்ப் பிள்ளை. லீவு நாளில் நூல்மில்லுக்குப் போய்த்தான் ஃபீஸ் கட்டுகிறாள். அங்கே மெஷின் நின்றால், பக்கத்தில் நின்றவர் தன் தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். போன வாரம் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டாள், அவ்வளவுதான். கம்பைலர் விழுந்தது. திரும்ப ஓட்டினாள், திரும்ப விழுந்தது. நான் வந்து பார்க்கையில் அவள் இல்லை. மேஜையில் ஒரு தாள் இருந்தது. மெஷின் என் கையில்தான் நின்றது, என் தப்பு, மன்னிக்கவும் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தாள்.

போன் செய்தால், "நமக்கு இதெல்லாம் ஏலாது மேடம், மில்லுக்கே போறேன்" என்கிறாள். தப்பு உன்னுடையதில்லை, கம்பைலருடையது என்றேன். எனக்காகச் சொல்றீங்க என்று வைத்துவிட்டாள். திங்கட்கிழமை அங்கே நிரந்தரமாகச் சேரப் போகிறாளாம்.

நீங்கள் செய்யாததை நானே உட்கார்ந்து செய்துவிட்டேன். ஆறே வரி. ஃபைல் இருந்தால் வரியைக் காட்டும், இல்லாவிட்டால் தப்பை மட்டும் சொல்லும். நான்சியின் புரோகிராமையே ஓட்டிப் பார்த்தேன், அடைப்புக்குறி மூடவில்லை என்று மரியாதையாகச் சொல்கிறது. இந்த ஆறு வரிக்கா மூன்று மாதம் ஃபைல் கேட்டீர்கள்? இத்துடன் அனுப்பியிருக்கிறேன், சேர்த்துவிடு.

இன்னொன்றும் வேண்டும். மெஷின் எங்கள் கையில்தான் நின்றது என்று தமிழில், உன் கைப்பட எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைத்துப் படமெடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நானே வேடசந்தூர் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத் தரட்டும். அந்தக் கை முதலில் இதை எழுதட்டும்.

இன்னும் கோபம் தீராத,
கமர்ஜஹான்