இருபத்தைந்து பவுண்டு காற்று

கிழிந்துபோன மழைக்கோட்டை வெட்டிச் சைக்கிள் சீட்டுக்கு ஓர் உறை தைக்கலாம் என்று இன்று காலை பரணிலிருந்து இறக்கினேன். அதன் உள்பையில் நம் காற்றளக்கும் கேஜ் கிடந்தது, பேனா நீளத்தில், பித்தளை பச்சை பூத்து. டயர் வாயில் வைத்து அழுத்தினால் எண் போட்ட குச்சி வெளியே வந்து நிற்கும். நாமாகத் தள்ளினால்தான் உள்ளே போகும் என்பது உமக்கு நினைவிருக்கும். குச்சி இன்னும் வெளியேதான் நிற்கிறது.

நாம் இருவரும் கூட்டாக அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியபோது எடைக்குக் கிலோ வரவில்லை, ராத்தல்தான். நீர் தென்காசியில் தேங்காய்த் தரகர். நான் இலஞ்சிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வாரத்தில் மூன்று நாள் வண்டி உமக்கு, மூன்று நாள் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் குற்றாலம். வாங்கிய அன்றே கொப்பரை மண்டித் தராசில் ஏறி உட்கார்ந்தோம். நீர் இருநூறு ராத்தல், நான் நூற்றுப்பத்து. மண்டியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே டயர் இரண்டு உடம்புக்கும் ஒரே காற்றில் ஓடாது என்று நான்தான் பட்டியல் போட்டேன். பின் டயருக்கு உமக்கு முப்பது பவுண்டு, எனக்கு இருபத்திரண்டு, இருவரும் ஏறினால் முப்பத்தாறு. வண்டிக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவைத்தேன். வண்டி கை மாறும்போதெல்லாம், வாங்கிப் போகிறவரின் எடைக்குக் காற்றைச் சரிசெய்து கொடுப்பது கொடுப்பவரின் வேலை. உமக்காக நான் கால் பம்பை மிதித்து மூச்சு வாங்குவேன். எனக்காக நீர் வால்வை ஒரு நொடி அழுத்தினால் போதும். இந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லி நீர் சிரிப்பீர்.

கடைசி வருஷம் சித்திரையில் முதல்முறை சொன்னீர்.

“வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது வே. காத்தக் கொஞ்சம் எறக்கும்.”

கேஜை வைத்துப் பார்த்தேன். சரியாக முப்பது.

“கணக்கு சரியாத்தான் இருக்கு. ரோடுதான் சரியில்ல” என்றேன்.

புளியறைக்குப் போய்வந்து மறுபடியும் சொன்னீர். ஒருநாள் நீர் திருப்பித் தந்த வண்டியில் எனக்காக இறக்கும் முன்பே இருபத்தாறுதான் இருந்தது. வழியில் நீரே இறக்கியிருக்கிறீர். உம்ம உடம்புக்கு இந்தக் காற்றில் ரிம் டியூபைக் கடித்துவிடும் என்று வகுப்பில் பையன்களைத் திட்டுவதுபோல் திட்டினேன். அடுத்த முறை முப்பது அடித்து, வால்வு மூடியைக் குறடு போட்டு இறுக்கித் தந்தேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் ஒரு ஞாயிறு. இலஞ்சி தாண்டிக் குற்றாலம் போகிற பாதை, தூறல். நீர் ஓட்டினீர், நான் பின்னால். டயரில் முப்பத்தாறு பவுண்டு, கல்லாக. வளைவில் பின் சக்கரம் தானாக விலகிப் போனது. எனக்கு முழங்கை சிராய்ப்பு. உமது கால் வண்டிக்கு அடியில். வண்டியை நிமிர்த்திவிட்டு உம்மைத் தூக்கினேன்.

தூக்கிவிட்டேன். அதுதான் விஷயம். பேரருவியில் குளிக்கும்போது விளையாட்டுக்குக்கூட என்னால் அசைக்க முடியாத ஆள் நீர். சட்டை கிழிந்த இடத்தில் உள்ளே இன்னொரு சட்டை தெரிந்தது. சாரலுக்குக் குளிருது என்று நீர் முழுக்கைச் சட்டையிலேயே திரிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

“என்னவே இது?”

“ஆவணியில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். சீக்காளின்னு மாப்பிள்ள வீட்டுல தெரிஞ்சா நின்னுபோகும். அதான் யாருட்டயும் சொல்லல.”

“எங்கிட்டயுமா?”

“உமக்குச் சொன்னேனே வே. காத்தக் குறையும், காத்தக் குறையும்னு மூணு மாசமாச் சொல்லுதேன்.”

மறுநாள் மண்டித் தராசில் நீர் நூற்றுநாற்பத்தெட்டு. யாரும் சிரிக்கவில்லை. நெஞ்சில் நோய் முற்றிவிட்டது, இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். உம்மிடம் அல்ல, என்னிடம் சொன்னார். திருமணம் நல்லபடியாக நடந்தது. நீர் பட்டுச் சட்டைக்குள் இரண்டு சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களை வரவேற்றீர். தைப் பொங்கலுக்கு நீர் இல்லை.

வண்டியைப் பிறகு விற்றுவிட்டேன். கணக்கு வாத்தியாராகத்தான் இன்னும் இருக்கிறேன். விடை தப்பு என்று ஒரு பையன் எழுந்து நின்றால், இப்போது கரும்பலகையைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன் அவன் முகத்தைப் பார்க்கிறேன். எப்போதும் அவன் சொல்வது சரியாக இருப்பதில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

தராசிலிருந்து உம்மை இறக்கி வீட்டில் விட்ட அன்று, நேரே கொட்டகைக்குப் போனேன். நூற்றுநாற்பத்தெட்டு ராத்தலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். காற்றை இறக்கி, கேஜ் வைத்துப் பார்த்து, மறுநாள் உமது முறைக்காக வண்டியைத் தயாராக நிறுத்தினேன். நீர் வரவில்லை. கேஜை அன்று கோட்டுப் பையில் போட்டதுதான்.

குச்சி இருபத்தைந்தில் நிற்கிறது. நான் அதை உள்ளே தள்ளவில்லை.