நெல் அறையின் தாழ்ப்பாள்

ஆனி 12, வியாழன்

வெயில். காற்று தூக்கி அடிக்கிறது.

பரீட்சைக்குப் படிக்க வாங்கிய நோட்டில் இதை எழுதுகிறேன். வாய் திறந்து சொல்ல வரவில்லை.

தங்கை இசக்கியைப் பாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், அம்மாவும் நானும். மனநலப் பிரிவு. அவளுக்குப் பதினேழு. பிறவியிலேயே ஒரு குரோமோசோமில் சின்னத் துண்டு இல்லை. இதயத்தில் ஓட்டை, அண்ணத்தில் பிளவு, இரண்டுக்கும் குழந்தையிலேயே ஆபரேஷன். பேச்சு இன்னும் மூக்கு வழியாகத்தான். மூன்று மாதமாக, சுவருக்குள் ஆட்கள் இருந்து திட்டுவதாகச் சொல்கிறாள்.

இந்தக் குறை உள்ளவர்களுக்கு மனநோய் வர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. அம்மா முகத்தில் நிம்மதி. "அப்போ பொறவியிலயே உள்ளதுதான?"

"அது மட்டும் இல்லம்மா. சின்ன வயசுல நடந்ததும் சேரும். யாரையும் குத்தம் சொல்லக் கேக்கல. இனிமே எப்படிப் பாத்துக்கிடணும்னு தெரியணும்."

டாக்டரம்மா ஒரு படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். குறைமாதமா? இல்லை. ஆஸ்பத்திரியில் எவ்வளவு நாள்? அம்மா ஒவ்வொரு நாளையும் சொன்னாள். பள்ளியில் கேலி? "எல்லாப் பிள்ளையளும் பாசமாத்தான் இருக்கும்." பொய். அவள் மூக்குப் பேச்சை வைத்து 'ங்ஞா' என்றே கூப்பிட்டார்கள். டீச்சரும் சிரித்தார். தனியாக அடைத்து வைத்தது உண்டா?

"சே! கண்ணுக்குள்ள வச்சுல்லா வளத்தோம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். பட்டம் வாங்கிய வாய். ஒரு சொல் வரவில்லை.

வெள்ளி

சின்ன வயசில் வீட்டில் ஆள் கூடிய நாட்கள்: அத்தை வளைகாப்பு. கோயில் கொடைத் திருவிழா. சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், இரண்டு தடவை. எல்லாவற்றுக்கும் இசக்கி நெல் மூட்டை அறையில்.

வேறு யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள். அதனால் என்னை அனுப்புவார்கள். "கண்ணாமூச்சி விளையாடுவோம், வா." அவள் கண்ணை மூடி எண்ணுவாள். நான் வெளியே வந்து தாழ்ப்பாள் போடுவேன். எனக்குப் பத்து வயசு, அவளுக்கு ஐந்து. பத்து வரைதான் எண்ணத் தெரியும். மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி. இந்தப் பக்கம் நாங்கள் காப்பி குடிப்போம்.

இதனால்தான் நோய் என்று சொல்ல எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் 'ஆமாம்'.

சனி

நாளை என்னைப் பெண் பார்க்க முக்கூடலிலிருந்து வருகிறார்கள். மாமா வந்திருக்கிறார், அம்மாவின் தம்பி.

"யக்கா, சின்னவள அறைக்குள்ள விட்டுரு. ஒரு மணி நேரந்தான. பாத்தாவன்னா பெரியவளுக்கும் இருக்குமோன்னு கேப்பாவ."

"டாக்டர் தனியா விடக்கூடாதுன்னாவ மாமா." பையத்தான் சொன்னேன்.

"ஏளா, டாக்டரா வந்து ஒனக்கு மாப்பிள்ள பாப்பாவ?"

அம்மா சிரித்தாள். சிரித்தாள்!

வாங்க வேண்டியவை: அல்வா, மிக்சர், பழம், வெற்றிலை, பூ. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது.

ஞாயிறு

இந்தத் தடவை இசக்கியைக் கூப்பிட என்னை அனுப்பவில்லை. நான் பட்டுச்சேலை கட்டியதைப் பார்த்ததுமே தலையணையை எடுத்துக்கொண்டு அவளே போனாள். "நீ போ யக்கா. நான் எண்ணுதேன்." தாழ்ப்பாள் போட்டது அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "கூடப்பொறந்தது எத்தன?"

"ஒத்தப் பிள்ளதான்" என்றார் மாமா.

காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். வைத்தேனா போட்டேனா தெரியாது. பாயெல்லாம் காப்பி. "எனக்குத் தங்கச்சி இருக்கா." என் குரல் எனக்கே புதிது. போய்த் திறந்தேன். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் கண்ணை மூடி நின்றாள். கையைப் பிடித்தேன். வர மாட்டேன் என்கிறாள். "இன்னும் ஆள் போகலயே?"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போக அதிக நேரம் ஆகவில்லை. மாமா: "படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்ச."

திங்கள்

மீதி மிக்சர் வாசலில் கோழிக்கு.

டாக்டரம்மாவுக்கு எழுதிவிட்டேன், நான்கு வரி. வாய் வராவிட்டால் தாளையாவது நீட்டலாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னயக் கொலகாரின்னு எழுதிட்டியோ?"

"தாழ்ப்பாள் போட்டது நான்னுதான் எழுதியிருக்கேன்."

அம்மா எழுந்து போய்விட்டாள். போகட்டும். அந்த நாட்களில் அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை என்று சொல்ல எனக்கு இன்று மனசில்லை.

இசக்கி, நான்கு நாளாக இதை உன்னிடம் சொல்ல முடியாமல்தான் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி யார் கூப்பிட்டாலும் அந்த அறைக்குள் போகாதே. நான் கூப்பிட்டாலும். சிரித்துக்கொண்டே கூப்பிட்டாலும்.