பன்னிரண்டு படங்களில் இருந்த நீலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீ குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததை ஆரம்பித்துவிடுகிறாய், நானும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதம் எடுத்தேன். காலண்டர் விஷயம்தான். அச்சகத்துக்காரருக்கு என் பூப்படங்கள் பன்னிரண்டையும் திருத்தி அனுப்பினாய் அல்லவா, அந்தப் பன்னிரண்டிலிருந்தும் உன் அப்பாவை அழித்துவிட்டாய். பின்னால் இருந்த நீலம் அவர்தான். அப்படியே என் பெயரில் அச்சாகட்டும் என்று விடுவதா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்து, நேற்று முடிவுசெய்தேன். அந்த முடிவை அச்சகத்துக்காரர் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை. பக்கவாதம் வந்த பிறகு அப்பா எட்டு மாதம் இருந்தார், அந்த எட்டு மாதத்தில் நீ அவரை இரண்டு முறை வீடியோவில் பார்த்தாய், இரண்டு முறையும் அவர் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நான் நூலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் ஒரு மணி நேரம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து பின்பக்கம் தொட்டிகள் இருக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். மூன்று மாதம் போட்டோ வகுப்புக்குப் போய்விட்டு நீ அலமாரியில் போட்டுவிட்டுப் போன கேமராவைத்தான் அப்போது எடுத்தேன், சும்மா அவருக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று. நான் தரையில் முழங்கால் போட்டு செம்பருத்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கோணிய வாயாலேயே, என்ன, பூவுக்குப் பல்லு எண்ணுறியா என்று கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா, ஆனாலும் கேட்காமல் விடமாட்டார். ஒருநாள், என்னை எடுக்காதே என்றார். பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்களே, படத்தில் விழத்தான் செய்வீர்கள் என்றேன். அப்ப யாருன்னு தெரியாத மாதிரி எடு என்றார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் இரண்டு பேருக்கும் வேலையாகிவிட்டது. லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து இதழுக்கு மிக அருகில் போனால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும், ஆனால் எவ்வளவு கரையவேண்டும் என்பது நாற்காலி நிற்கும் தூரத்தில் இருக்கிறது. ஆறு அடி தள்ளி வைத்தால் அவர் வெறும் புகை, இரண்டு அடியில் வைத்தால் வாய் தெரிந்துவிடும், நான்கடியில் வைத்தால் தோள் சாய்ந்திருக்கும் விதம் மட்டும் மிஞ்சும். பழைய நைலான் காலுறையை வெட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு லென்ஸின் மேல் கட்டிக்கொள்வேன், அப்போது பூவின் நடு மட்டும் தெளிவாக நின்று ஓரமெல்லாம் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அவருக்கு ஒரு கையை அசைக்க முடியாது என்பதால் முன்பக்கம் முழுதாகத் திறக்கிற மாதிரி தையல்காரரிடம் சொல்லி ஒரே நீலத்தில் மூன்று சட்டை தைத்திருந்தேன், அதைத்தான் மாற்றி மாற்றிப் போடுவார். மஞ்சள் செம்பருத்தி வலது ஓரத்தில், அந்த நீலம் இடது பக்கம் கொஞ்சம் மேலே. மஞ்சள் தானாக முன்னால் எழுந்து வரும், கண் பூவைப் பார்த்துவிட்டு மெதுவாக நீலத்துக்குப் போகும். பிறகு கூடத்துக் கணினியில் படத்தைத் திறந்து தெளிவைக் குறைப்பேன், அவர் பக்கத்தில் இருந்து நல்ல கையின் விரலை ஆட்டி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார், தன் முகம் தனக்கே அடையாளம் தெரியாமல் போனதும் போதும் என்று கட்டைவிரலைக் காட்டுவார். அவர் கட்டைவிரல் காட்டாத படம் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை.

நூலகத்துக்குப் பதிவேடுகள் கொடுக்க வந்த அச்சகத்துக்காரர் என் மேசையில் ஒட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு பன்னிரண்டு கேட்டபோது அப்பா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. நம் வீட்டிலேயே முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான் என்று உன் அத்தை இன்னும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆனால் அச்சகத்துக்காரர் அனுப்பிய படிவத்தில் உங்களைப் பற்றி என்று ஒரு கட்டம் இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. விடும்மா நான் பார்த்துக்கிறேன் என்றாய், அனுப்பிவைத்தேன். நீலம் யார் என்று நான் சொல்லவில்லை, அது என் தப்பு. படத்தைப் பார்த்ததும் நீயே கேட்பாய் என்று இரண்டு நாள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உன் செய்தி வந்தது. எல்லாம் மசமசன்னு இருந்துச்சும்மா, பளிச்சுன்னு ஆக்கிட்டேன், எல்லாத்துலயும் ஒரே நீலக் கறை வேற, லென்ஸ்ல ஏதோ கோளாறு போல, அதையும் தூக்கிட்டேன், இப்ப பாரு சூப்பரா இருக்கு என்று எழுதி ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தாய். நானும் சரிம்மா என்று பதில் போட்டேன்.

போன வாரம் மாதிரித் தாள்கள் வந்தன. அத்தைக்குக் கண்ணில் புரை, அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள், கண்ணாடி போட்டாலும் எதிரே வருபவர் யார் என்று கேட்டுத்தான் பேசுகிறாள். அவள் தாளை மூக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, என்ன அண்ணி இது, பூவெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது, எங்க அண்ணன் எங்கே என்றாள். கணினியில் முதல் படங்களைப் பார்த்திருந்தாளே தவிர, நீலம் யார் என்று அவளிடமும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நேற்று அரைநாள் விடுப்புப் போட்டு அச்சகத்துக்குப் போனேன். முதலில் எடுத்த படங்களையே போடுங்கள் என்றேன், மெஷின் சத்தத்தில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர்தான், மூலப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, அம்மா இதை மாட்டினா வாங்கினவன் வருஷம் பூரா தன் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே இருப்பான் என்று சிரித்தார். பிறகு, உங்க பொண்ணு அனுப்பினதுன்னா இன்னைக்கே மெஷின்ல ஏத்துறேன், இதுதான் வேணும்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன், கோவிச்சுக்காதீங்க என்றார். தாளின் அடியில் பொடி எழுத்தில் என் பெயர் இருந்தது. அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தையல்காரரிடம் கை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லக்கூடக் கூசி அப்படியே போட்டுக்கொள்கிறவள் நான், அச்சகத்துக்காரரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி பன்னிரண்டு தாளிலும் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். பொண்ணு சந்தோஷப்படும் என்றார். ஆமாம் என்றேன்.

கோபத்தில் செய்ததாக நினைக்காதே. நீலத்தைத் தூக்கிய இடத்தில் தெரிகிற, யாரும் உட்கார்ந்திராத அந்தக் காரைச் சுவரை நான் எடுக்கவில்லை, அது நீ செய்த படம். என்னுடைய பன்னிரண்டையும் தாள்கள் வந்த மறுநாளே ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். அனுப்பு என்று கேட்காதே, அனுப்பமாட்டேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிற படம் இல்லை அவை. வந்தால் பார்.

நீ நோய்நொடி இல்லாமல், வேலையில் நல்ல பெயரோடு, மனம் நிறைந்து இருக்கவேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, தினமும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மறக்காமல் ஒன்று செய். அடுத்த மாதம் உன் விலாசத்துக்கு அச்சகத்திலிருந்து இரண்டு காலண்டர் வரும், தட்டையான பெரிய கட்டு, ஆள் இல்லையென்றால் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள், வீட்டில் இருந்து வாங்கிக்கொள். உன் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. அப்பா இருந்திருந்தால் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் காட்டியிருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா