ஏறும் முன் என்ன தின்பது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் முட்டைதான். அவித்து, உரித்து, மிளகும் உப்பும் தூவி, தட்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள் அக்கா. எனக்காகவே விடியுமுன் எழுகிறாள். அப்புறம் அவளும் தையல் ஆலைக்கு ஓட வேண்டும். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? தின்றேன். ஏணியில் பாதிகூட ஏறியிருக்க மாட்டேன், அடிவயிற்றில் முறுக்கு ஆரம்பித்துவிட்டது.

தரையில் வேலை பார்க்கிறவனுக்கு வயிறு கலக்கினால் ஒதுங்க ஓர் இடம் இருக்கும். டவர் கிரேன் ஓட்டுகிறவன் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்க முடியும். கேபினில் ஒன்றுக்குப் போக ஒரு பாட்டில் இருக்கிறது. இரண்டுக்கு ஒன்றுமே இல்லை. இருபது மாடிக் கட்டடம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது மட்டும் தெரியவில்லை.

பெருங்குடலில் புண் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. "புண் ஆறுது, ஆனா எடை இறங்கிக்கிட்டே போகுது. காலையில புரதம் நல்லா சேருங்க. முட்டை சாப்பிடுங்க." போன தடவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத முட்டையா? அப்போதே எனக்கு ஒத்துக்கொண்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒன்றும் தின்னாமல் ஏறினேன். வயிறு அமைதியாக இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் கை நடுங்க ஆரம்பித்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். என் கையில் பறப்பது ஒன்றரை டன் கம்பி.

மார்ச் 9, ஞாயிறு

தந்தி பேச்சைக் கேட்டுப் புரதப் பொடி வாங்கினேன். தந்தி என்பவன் கீழே நின்று வாக்கி-டாக்கியில் எனக்கு சிக்னல் கொடுப்பவன். அவன் காதில் விழுந்த சேதி அடுத்த நிமிடம் சைட் முழுக்கப் போய்ச் சேரும், அதனால் அந்தப் பெயர்.

"ஜிம்முக்குப் போறவனெல்லாம் இதத்தான்டா குடிக்கிறான். நீயும் குடிச்சுப் பாரு. கிரேன் இல்லாமலே தூக்குவ."

தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். வெனிலா. விடிந்தும் விடியாமலும் கல்யாணக் கேக்கைக் கரைத்துத் தொண்டையில் ஊற்றினது மாதிரி. அதில் போட்டிருக்கும் செயற்கை இனிப்பு எதுவோ, வயிற்றால் ஒரே அடியாக அடித்துக்கொண்டு போயிற்று. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை.

நோயாளிக்கென்று விற்கிற எல்லாமே ஏன் தித்திக்கிறது? வயிறு கெட்டவனுக்கு நாக்கும் செத்துவிட்டதா? எனக்கு உப்பு வேண்டும், உறைப்பு வேண்டும். இதைக் கேட்பதற்கு ஒரு கூச்சம் வேறு.

மார்ச் 11, செவ்வாய்

கொண்டைக்கடலை. ஊறவைத்து, வேகவைத்து, இஞ்சியும் எலுமிச்சையும் போட்டு. தின்னும்போது அமிர்தம். மேலே போனதும் வயிறு மத்தளம் ஆகிவிட்டது. நல்லவேளை கேபினில் தனியாள். ஆனால் வாக்கி பட்டனை அமுக்கியபடியே இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

"மேல இடி இடிக்குது. மழை வருமா?" என்றான் தந்தி. கீழே பத்துப் பேர் சிரித்தது வாக்கியில் கேட்டது.

சிரிங்கடா. எல்லாரும் நல்லாச் சிரிங்க.

மார்ச் 13, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் அக்கா எதிரே வந்து நின்றாள். "ஒரே ஒரு முட்டை. எனக்காக." தின்றேன்.

பதினோராவது மாடிக்குக் கம்பிக்கட்டு போய்க்கொண்டிருந்தது. நடுவழியில் வலி வந்தது. இதுவரை வந்தது போல இல்லை. இடுப்புக்குள் யாரோ துணி பிழிவது மாதிரி. வாக்கியில் "இறங்கணும், இறங்கணும்" என்றேன். நான் இறங்க வேண்டும் என்று அர்த்தம். கரகரப்பில் தந்தி காதில் வேறு விழுந்திருக்கிறது. "இறக்கணுமா? சரி, இறக்கு இறக்கு. டேய், லோடு வருது, உள்ள வாங்க!"

ங்-குக்கும் க்-குக்கும் நடுவில் ஒரு மனிதத் தலை.

லீவரை விட்டால் பிரேக் பிடிக்கும் என்று தெரியும். விட்டுவிட்டு மடங்கிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த கிரேன் சட்டென்று நின்றதில் கம்பிக்கட்டு வீச்சாக வீசியது. லோடில் கொக்கி மாட்டிக் கழற்ற உள்ளே வந்து நின்ற கொக்கிக்காரர்களில் ஒருவரை நாங்கள் 'அரையடி' என்று கேலி பண்ணுவோம், அவ்வளவு குட்டை. அவர் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போனது. ஹெல்மெட் பறந்துபோய் விழுந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் அரையடி வளர்ந்திருந்தால்—

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பாதி ஏணியிலேயே எல்லாம் ஆகிவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன். பேன்ட்டோடு.

மார்ச் 14, வெள்ளி

பாதுகாப்பு அதிகாரியின் அறை. ஏசி போட்டிருந்தது. அறையை ஒட்டியே அவருக்கென்று ஒரு கழிவறை, கதவில் பூட்டு.

"தூங்கிட்டேன்னு ஒத்துக்கோ. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடுறேன்."

"தூங்கல சார். வயித்து வலி. முட்டை ஒத்துக்கல."

"முட்டை உனக்கு ஒத்துக்கல. நீ எதையும் ஒத்துக்க மாட்டேங்குற. நான் மேலிடத்துக்கு என்னன்னு சொல்றது?"

"மேல கழிவறை இல்லன்னு சொல்லுங்க. நடுவுல மாத்தி விட ஆள் இல்லன்னு சொல்லுங்க."

முகம் மாறிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தூங்கினேன் என்றால் குற்றம் என்னோடு முடிந்துபோகும். வலி என்றால், அடுத்த கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும். அதனால்தான் தூக்கத்துக்கு மன்னிப்பு உண்டு, நோய்க்குக் கிடையாது.

ஒத்துக்கொள்ளவில்லை. இனி கீழேதான் வேலை. கொக்கி மாட்ட வேண்டும். கேபினில் என் இடத்தில், வாடகைக்கு எடுத்த வேறோர் ஆபரேட்டர்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் கத்திவிட்டேன். "உன் முட்டையால ஒரு ஆள் செத்திருப்பான்."

அவள் கத்தவில்லை. "முட்டைய விட்டா வேற என்ன தரணும்னு நீ ஒரு நாளாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கியா? வைக்கிறதத் தின்ன. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போன. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

சொன்னதில்லை. அவள் மனம் நோகுமே என்று தின்றேன் என்று எனக்கு நானே பெரிய மனுஷத்தனம் பேசிக்கொண்டேன். உண்மையில் என்ன? சண்டை போடச் சோம்பல்.

இனி உன் தூக்கத்தை விட்டு எழாதே, நானே சமைத்துக்கொள்கிறேன் என்றேன். "அடுப்ப மட்டும் தொடச்சு வை" என்றாள். அவ்வளவுதான். சமாதானமா இல்லையா தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே லோடு போகும்போது முதுகு தானாகக் குனிகிறது. அந்தக் கேபினுக்குள் இருப்பவன் இன்று என்ன தின்றான் என்று யாருக்குத் தெரியும்?

அரையடி என்னோடு பேசுவதில்லை. கொக்கியை மட்டும் நீட்டுகிறார்.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார். நாலு மாதமாக யாரும் சொல்லவில்லை. கழிவறை தேடி அலைந்தபோது பலகையைப் பார்த்தேன். என் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"காலைச் சாப்பாடுன்னா முட்டைதான்னு யாரு சட்டம் போட்டா?"

"டாக்டர்."

"அவர் சொன்னது புரதம். முட்டை அதுக்கு ஒரு உதாரணம். ராத்திரி என்ன சாப்பிட்டா உங்களுக்கு வயிறு சும்மா இருக்கு?"

யோசித்தேன். மீன். எலும்பில்லாத கோழி. இரவில் இவை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

"அப்ப அதையே காலையில தின்னுங்க. உங்க வயித்துக்கு மணி பாக்கத் தெரியாது."

முட்டையை அடியோடு நிறுத்தச் சொன்னார். பருப்பு என்றால் தோல் நீக்கியது, நன்றாக மசித்தது. சோயா பனீரையும் பார்க்கலாம். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் மூன்று நாள் அது மட்டும். இரண்டைச் சேர்த்துத் தின்றால் எது குற்றவாளி என்று தெரியாது. எல்லாருக்கும் பொருந்துகிற பட்டியல் தன்னிடம் இல்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

வெளியே வந்ததும் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல ஒருவர் அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் எத்தனை கிலோ போயிற்று!

மார்ச் 27, வியாழன்

சோயா பனீர்: ஈரச் சுண்ணாம்புக் கட்டி. மெல்லிசாக வெட்டி, முறுக வாட்டி, மிளகுத்தூளும் எலுமிச்சையும் போட்டால் தின்னலாம். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நாக்குதான் முணுமுணுக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

தோல் நீக்கிய பாசிப்பருப்பு, இஞ்சி, சீரகம், உப்பு, மேலே கொஞ்சம் நெய். நன்றாக இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கே பசி. ஓரளவுக்குத்தான் வெற்றி.

ஏப்ரல் 2, புதன்

இரவு அவித்த மீனைக் காலையில் உதிர்த்து, குழைந்த சோற்றோடு. உப்பு, மிளகு, இஞ்சி. மதியம் வரை பசி இல்லை, முறுக்கு இல்லை, கை நடுங்கவில்லை. வேலைக்குக் கிளம்பிய அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "விடியக்காலையில மீன் தின்னுற ஒரே ஜீவன் பூனைதான்டா."

"மியாவ்" என்றேன். சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டாவது கிரேனை ஓட்டுகிறவரை எல்லாரும் ஒட்டகம் என்பார்கள். ஏறினால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "ஒட்டகத்தப் பாருடா, அவனும் உன்ன மாதிரி ஆபரேட்டர்தானே" என்று இன்ஜினியர் என்னை எத்தனை தடவை இடித்திருக்கிறார். நானும் அவரை ஏதோ யோகி என்றே நினைத்திருந்தேன்.

மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் டப்பாவைப் பார்த்தார். "காலையில தின்னுட்டா ஏறுன?"

"நான் எங்கண்ணே ஏறுறேன், கீழதான நிக்கறேன். ஆனா தின்னுட்டுத்தான் வந்தேன்."

"நான் காலையில தின்னு எட்டு வருஷம் ஆகுது."

"வயிறு சரியில்லையா?"

"வயித்துக்கென்ன, கல்லத் தின்னாலும் செரிக்கும். மேல வந்துட்டா எங்க போறது? அதான் தின்னுறதில்ல, குடிக்கிறதில்ல. ஒட்டகம்னு பேர் வெச்சானுங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. சிறுநீரகத்துல கல்லு, ரெண்டு தடவ எடுத்தாச்சு. இப்ப மூணாவது."

எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. இத்தனை நாள் என் வயிறு மட்டும்தான் கோளாறு என்று நினைத்து, கடை கடையாக அலைந்து, எதைத் தின்றால் அந்தக் கூண்டுக்குள் அடங்குவேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். இவர் வயிறு கல்லைச் செரிக்கும். அவருக்கும் அந்தக் கூண்டு ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஏறாதீங்கண்ணே" என்றேன்.

"நீ கீழ நின்னுக்கிட்டு ஈஸியா சொல்லிடுவ" என்று எழுந்துபோனார். சரிதான். என்னிடம் இழக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 10, வியாழன்

ஏறவில்லை! ஒட்டகம் ஏணியடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நானும் போய் உட்கார்ந்தேன். காலை நடுவில் மாற்று ஆள் வரும்வரை ஏற மாட்டேன் என்றார். கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது.

இன்ஜினியர் வாக்கியில் கத்தினார்: "ஒரு கிரேன் போதும், ஓட்டு!" கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. வாடகைக்கு வந்தவன் இறங்கி ஓடி வந்தான். எங்களோடு சேரத்தான் வருகிறான் என்று தந்தி கை தட்டினான். அவன் எங்களைத் தாண்டி நேராகக் கழிவறைக்கு ஓடினான்.

அரையடி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் முதல் பேச்சு: "தள்ளி உக்காரு."

மதியத்துக்குள் சம்மதித்தார்கள். காலை பத்து மணிக்கு இரண்டு கிரேனுக்கும் மாற்று ஆள் ஏறுவான். தயவு காட்டுகிற மாதிரிதான் அறிவித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு தனி நிபந்தனை: மேலே ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி கேபின். எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அரையடியின் தலையை நினைத்தால் அது நியாயம்தான். இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எடை கூடியிருக்கிறது. டாக்டர் இன்று நிமிர்ந்து பார்த்தார். "முட்டை நல்லா வேலை செய்யுது போல."

"மீன் சார்."

எழுதிக் கொடுத்தார்.

மே 7, புதன்

மறுபடி என் கேபின். நாற்காலி வாடகைக்காரன் அளவுக்கு மாறிக் கிடந்தது. திருகிச் சரிசெய்தேன். ஏறும் முன் தின்றது: கோழியை மென்மையாக வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, மிளகு போட்டு. காலை முழுக்கக் கை கல் மாதிரி நின்றது.

பத்து மணிக்கு மாற்று ஆள் ஏறி வந்து கதவைத் தட்டினான். பெல்ட்டைக் கழற்றி ஏணியில் கால் வைத்தேன். வாக்கி கரகரத்தது, தந்தி.

"டேய், என்னாச்சு? வயிறா?"

"இல்ல."

"அவசரமா?"

"ஒண்ணும் இல்லடா."

"பின்ன எதுக்கு இறங்குற?"

"மணி பத்தாச்சு."