அப்பாவின் ஐந்து நிறுத்தங்கள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவருடைய மறதியைப் பற்றி வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

ஞாபகத்துக்கு எளிய வழிகள் நிறையப் படித்தேன். சாவிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரே இடம், மாற்றவே கூடாது. மாத்திரை போட்டதும் "போட்டாச்சு" என்று அவர் வாயாலேயே சொல்ல வை. முக்கியமானது இனிமேல்தான். மறக்கக் கூடாதவர்களை, நன்றாகத் தெரிந்த ஒரு பாதையில் வரிசையாக நிறுத்தி வைக்க வேண்டுமாம். அப்பா காலமெல்லாம் ஒரே தடத்தில் கண்டக்டராக இருந்தவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிறுத்தங்களைச் சொல்வார். ஒவ்வொன்றிலும் ஒருவரை ஏற்றிவிடு. பணிமனையில் அம்மா. போய்ச் சேர்ந்துவிட்டாலும் அம்மாதான் முதலில். சந்தையில் நான், வெங்காய மூட்டையோடு. பள்ளிக்கூடத்தில் என் மனைவி, கையில் ஆட்டுக்குட்டி. பாலத்தில் என் பையன், ஆஸ்பத்திரியில் பாப்பா. கேலிக்கூத்தாக இருந்தால்தான் மனதில் ஒட்டும். ஐந்துக்கு மேல் போகாதே, குழம்பிவிடுவார். தினமும் காலையில் சொல்ல வை.

உன்னை ஏற்ற வேண்டியதில்லை, நீதான் கூடவே இருக்கிறாயே.

உன் தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

யோசனை சொல்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. செய்து பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

சாவிக்கு ஆணி அடித்தாயிற்று. காலையில் நான் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும் முன்னால் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து பஸ்ஸைக் கிளப்புகிறோம். ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சந்தை வந்தால் மட்டும் அவர் குரலே மாறிவிடுகிறது. "வண்டிய நிறுத்து, என் பையன் ஏறணும்" என்கிறார்.

ஒரு தடவை நேரில் வந்து ஏறிவிட்டுப் போயேன்.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போனில் "நான் யாருன்னு சொல்லுங்கப்பா" என்றேன். பட்டென்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பெயரையும் சொன்னார். பாப்பா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நம் வழி பலித்துவிட்டது பார்த்தாயா? இந்த வருஷமும் லீவு கிடைக்காது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று அப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த ஸ்டாப்புல ஏறினீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். உங்க மகள்ப்பா என்றேன். கண்ணை மூடி, பணிமனையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இல்லையேம்மா. நம்ம வண்டியில மகள்னு யாரும் ஏறலையே."

ஆறாவதாக ஒரு நிறுத்தத்தில் ஏறிப் பார்த்தேன். வரிசையே கலைந்து, அம்மாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். உன்னோடு சேர்ந்து ஏறியும் பார்த்தேன். என்னை ஆட்டுக்குட்டி என்றார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். பாலத்தை எனக்குக் கொடு. உன் பையனை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். என்னை யாரோ என்று நினைத்துக்கொண்டு என் கையால் சாப்பிடுகிறார், அதுதான் தாங்க முடியவில்லை. கேட்காமலே மாற்றியிருக்கலாம். உன்னைக் கேட்டுச் செய்வதுதான் முறை என்று பட்டது.

உன் அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வருத்தம் புரிகிறது. ஆனால் தாத்தா மறந்துவிட்டார் என்று பையனிடம் நான் எப்படிச் சொல்வேன்? உன்னைத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அப்பா உன்னிடம்தானே இருக்கிறார். எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் அந்த போன் மட்டும்தான். சின்னப் பிள்ளை மாதிரி இடத்துக்குச் சண்டை போடாதே. மனதைப் பெரிதாக்கிக்கொள்.

உன் தம்பி

ஜூன் 14

தம்பி,

உன் பிள்ளைகளை இறக்கவில்லை. பாலத்தில் பையனும் ஆஸ்பத்திரியில் பாப்பாவும் பத்திரமாக ஏறுகிறார்கள். போனில் கேட்டால் அவர்கள் பெயரைச் சொல்வார்.

சந்தையில் நான் ஏறிவிட்டேன்.

ஆரம்பத்தில் "பையன் எங்க?" என்று தினமும் கேட்டார். "இன்னைக்கு வரலப்பா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். இன்று காலை அடுப்படியில் இருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஓடிப் போய் நின்றேன். "என்னம்மா, கடைக்கு நேரமாகலையா?" என்றார். வெட்கமில்லாமல் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன்.

பிறகு மனது கேட்காமல் உன் பெயரைச் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "ஏறி இறங்கினவங்க எத்தனையோ பேரும்மா" என்றார்.

எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மாற்ற மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, "நான் யாருன்னு சொல்லுங்கப்பா" என்று கேட்காதே. தெரியாவிட்டால் பயந்து போகிறார்.

அக்கா