விழுந்து பிழைத்தவர்களுக்கும் சேர்த்து

கூப்பிட்ட குரலுக்கு "என்ன புள்ள" என்று திரும்பிப் பார்க்கும் என் மதினி பஞ்சவர்ணத்துக்கு,

காலையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாளையம்பட்டி அம்மாளிடம்கூடச் சொல்லிவிட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு மனசு நிறையவில்லை. நம்ம கட்டட வேலை செட்டுக்கு நாங்களே தேடிப் போட்ட இன்சூரன்ஸ் இன்றைக்குக் கை கொடுத்துவிட்டது மதினி. முதலிலிருந்து சொல்கிறேன், கேளு.

நீ போன பிறகு செட்டை நான்தான் நடத்துகிறேன். திருச்சுழிப் பக்கத்து அதே ஆட்கள்தான். கொத்தனார் வேலுச்சாமி, கலவை மிஷின் ஓட்டுகிற உன் வீட்டுக்காரர், அதாவது என் அண்ணன், சட்டி சுமக்கும் நம்ம பொம்பளைகள். மழை ஏமாற்றியதால் பருத்திக்காட்டை விட்டுவிட்டு இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள்.

காரியாபட்டி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். தளம் போடுகிற வேலை நமக்கு வந்தது. இதுவரை நாம் பார்த்ததிலேயே பெரிய வேலை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காண்ட்ராக்டர் ஒன்றுதான் சொன்னார். எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் மண்டபத்துக்காரர் ஆளை உள்ளே விடமாட்டார் என்றார். ஒரு பாலிசியையும் அவரே கையோடு கொண்டு வந்திருந்தார். பேரையும் ஆதாரையும் கொடுத்தால் போதுமாம்.

எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. அன்றைக்கும் நமக்கு ஓர் இன்சூரன்ஸ் இருந்ததே. ஏணி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து நீ கிடந்தபோது போய்க் கேட்டோம். விபத்தில் செத்தால்தான் பணம், இவுக பிழைச்சுட்டாங்களே என்றார்கள். மாதக்கணக்கில் படுத்திருந்து, நெஞ்சில் சளி கட்டி நீ போன பிறகு மறுபடி கேட்டோம். இது நோயில் வந்த சாவு என்றார்கள். நீ எப்படித்தான் விழுந்திருக்க வேண்டும் மதினி?

அதனால் இந்தத் தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். மல்லாங்கிணற்றில் கலைவாணி என்று ஒரு புள்ள ஏஜெண்டு வேலை பார்க்கிறது. அதை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, பாதி கட்டிய மண்டபத்துக்குள் மணல் குமியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம்.

அந்தப் புள்ள முதலில் பாலிசி பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொருத்தரும் என்ன வேலை செய்கிறோம் என்று கேட்டது. நம்ம இருளாயி, சட்டி சுமக்கிறேன் என்றாள். உயரத்தில் ஏறுவீர்களா என்று கேட்டதற்கு, "ஏறாம தளத்துக்கு எப்பிடிம்மா போறது?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். நாங்கள் சிரித்துவிட்டோம். கலைவாணி சிரிக்கவில்லை. காண்ட்ராக்டர் கொண்டுவந்த பாலிசியில் பெண்கள் எல்லாரையும் தரையில் நின்று வேலை பார்ப்பவர்கள் என்று போட்டிருக்கிறதாம். மேலிருந்து விழுந்தால் அதைக் காட்டியே இல்லை என்று சொல்லிவிடலாமாம். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் வேலையை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றது. கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டைதான் இருக்கிறதே, இது எதற்கு என்று ஒருத்தர் கேட்டார். அதையும் விடாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள், இது அதற்கு மேலே ஒரு துணை என்று பதில் சொன்னது.

பிறகு தன்னிடம் இருந்த இரண்டு பாலிசியை விளக்கியது. ஒன்றில், ஆள் செத்தாலோ கை கால் போனாலோ பெரிய தொகை வரும். மற்றதில் சாவுக்கு வருவது பாதிதான். ஆனால் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கும்போது வாரா வாரம் கையில் ஏதாவது வரும். கட்டுகிற பணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலுச்சாமி பெரிய தொகைதான் வேண்டும் என்றார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவர். தான் இல்லாவிட்டாலும் அவர்கள் நின்றுகொள்ள வேண்டும் என்று நினைத்தார். அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? ஆம்பளைகள் எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எனக்குப் பதறியது. நான் பேசினால் என் வீட்டுத் துக்கத்தைச் சபையில் கொண்டுவந்து வைப்பதாக நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அண்ணன் எழுந்தது. நீ போனதிலிருந்து நாலு பேர் முன்னால் உன் பேரைக்கூட எடுக்காத மனுசன்.

"வேலு, எம் பொண்டாட்டி விழுந்தா. சாகல. படுக்கையில கெடந்துக்கிட்டு, நான் அன்னைக்கே போயிருந்தா ஒங்களுக்காச்சும் ஏதாவது கெடச்சிருக்கும்லன்னு எங்கிட்ட கேட்டா. நாளைக்கு நீ படுத்தாலும் ஒனக்கு அந்த நெனப்பு வரும். யாருக்கும் வரக்கூடாதுடா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது. நீ அப்படிக் கேட்டாயா மதினி? உன் தலையைக் கோதிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தேனே, என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பிறகு வேலுச்சாமியே கலைவாணியைப் பார்த்து, இரண்டாவதையே போடும்மா என்றார். அதற்குப் பிறகு எல்லாரும் அதற்கே கை தூக்கிவிட்டார்கள். வாரிசு பேர் கேட்டபோது, பொண்டாட்டி பேரைக் கொடுத்தால் ஏணியைப் பிடித்து ஆட்டிவிடுவாளோ என்று அவரே கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

காண்ட்ராக்டர்தான் முறுக்கிக்கொண்டார். அவர் காட்டியதை விட்டுவிட்டு நாங்கள் வேறு போடுவதா என்று கோபம். பாதிப் பணம் நாங்கள் போடுகிறோம், பாதி நீங்கள் போடுங்கள், முடியாதென்றால் வேறு செட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவ்வளவு பெரிய வேலை போய்விட்டால் ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேறு செட்டுகளை அவர் கேட்டுப் பார்த்தார். முகூர்த்த மாசம் நெருங்கிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அவரே போன் பண்ணி, சரிம்மா, உன் இஷ்டப்படியே போடு என்றார். போனை வைத்ததும் நான் போட்ட சத்தத்தில் தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

முதல் தளம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது தளத்தில் இருளாயி ஏணியில் கால் தவறி விழுந்துவிட்டாள். பயப்படாதே, மணிக்கட்டு எலும்புதான் முறிந்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தே கலைவாணிக்குப் போன் போட்டோம். என்னென்ன சீட்டு வாங்கி வைக்க வேண்டும் என்று அது ஒவ்வொன்றாகச் சொன்னது. வைத்தியச் செலவு முதலில் வந்தது. இன்றைக்குக் காலையில் வாரப் பணமும் அவள் பாங்குக் கணக்கில் ஏறிவிட்டது மதினி! அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. மத்தியானம் சுடுசோறு தின்றுவிட்டு, பொழுதே போகவில்லை என்று எனக்குப் போன் போட்டுச் சடைத்துக்கொள்கிறாள். இப்படி ஒரு சடைப்பை நம்ம செட்டில் இதற்கு முன்னால் யார் கேட்டிருக்கிறோம்?

சாயங்காலம் நானும் அண்ணனும் அவளைப் பார்த்துவிட்டு வந்தோம். வழி நெடுக அண்ணன் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. நீ கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கிறது, சம்பளம் வாங்கின அன்றைக்கு மட்டும் மல்லிகைப்பூ வைக்கிறது, எல்லாம். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மதினி. நாளைக்கே புதிதாக ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து வேலை கேட்டாலும், எவ்வளவு அவசர வேலை கிடந்தாலும், பாலிசியில் பேர் ஏறாமல் நம்ம செட்டில் யாரும் ஏணி ஏற மாட்டார்கள்.

உன் பக்கத்தில் நின்று சட்டி தூக்கிப் பழகிய நாத்தனா,
முத்துமாரி