வேண்டாததை அடிக்கவும்

1983 மார்ச் 4

பே கோபுரத் தெரு வீட்டை விற்றது நான். வேங்கிக்காலில் அதைவிடப் பெரிய வீட்டுக்கு முன்பணம் கொடுத்ததும் நான். மீதிக்கு எந்த வட்டியில் கடன் வாங்குவது என்பதை மட்டும் என் மகன் பலராமன் என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டான். இது அநியாயம். எழுதி வைக்கிறேன்.

கடன் இருபது வருஷத்துக்கு. வீடு கட்டும் சங்கத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று நிலையான வட்டி, இன்று பேசியது கடைசி மாதம் வரை அசையாது. இன்னொன்று இப்போதைக்கு மாதம் நாற்பது ரூபாய் கம்மி, ஆனால் சங்கம் நினைத்தபோது ஏற்றும். நான் அசையாததைச் சொன்னேன். அவன் ஆடுவதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

"டிக் அடிச்சுக் குடுத்துட்டேன் நைனா. நாப்பது ரூபா சும்மா வருதா?"

தேரடியில் முப்பத்தோரு வருஷம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். கார்த்திகைத் தீபக் கூட்டத்துக்கு ஒரு வாடகை, மற்ற நாளுக்கு ஒரு வாடகை என்று நான் வாங்கியதில்லை. கட்டடத்துக்காரன்தான் எனக்கு வருஷா வருஷம் ஏற்றினான். இதில் எனக்குப் பாடம் எடுக்க தமிழ் வாத்தியாரான இவன் வேண்டுமா? நான் சினிமா போஸ்டரைப் பார்த்து எழுத்துக் கற்றவன்தான். அதனால் என்ன?

மார்ச் 5

பேசவில்லை. அவனும் பேசவில்லை.

மார்ச் 7

நான் 'நிலை, நிலை' என்று கத்தியதை வைத்து என் வீட்டுக்காரி மணியம்மாள் ஒரு கதை கட்டிவிட்டாள். எதிர் வீட்டு ராணியம்மாளிடம் சொல்கிறாள்: "வாசல் நிலைக்குத் தனியா வட்டி போடுறாங்களாம். அதுக்குத்தான் அப்பனும் புள்ளையும் மொறைச்சிக்கினு இருக்குதுங்க."

தெருவில் மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள், நிலை தேக்கா, வேம்பா என்று.

மார்ச் 9

சங்கத்துக்கே நேரில் போனேன். குமாஸ்தா விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"உங்க பையன் மாறும் வட்டியை அடிச்சிருக்காரு பெரியவரே."

"அது தெரிஞ்சுதானே வந்தேன். அடிச்சதை மாத்த முடியுமா?"

"எதுக்குங்க மாத்தணும்? நல்லாத்தானே அடிச்சிருக்காரு!"

எல்லாரும் ஒரே கட்சி. வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 2

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மருமகள் சந்திரகலா உரக்கப் படித்தாள். இருபது வருஷம், *நிலையான* வட்டி. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளில் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

பலராமன் பிடுங்கிப் பார்த்தான். விண்ணப்பத்தின் நகலையும் தேடி எடுத்தான். இரண்டு வட்டியும் பக்கத்தில் பக்கத்தில். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: வேண்டாததை அடிக்கவும். இவன் வேண்டியதன் மேல் டிக் அடித்திருக்கிறான், வாலை நீட்டி, எழுத்தெல்லாம் அடிபடுகிற மாதிரி.

சந்திரகலாதான் முதலில் சிரித்தாள். "அடிக்கவும்னா அழிக்கவும்னு பொருளாம், தமிழ் ஐயா!"

நான் சிரிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்தேன்.

ஏப்ரல் 6

மாற்றியே தீருவேன் என்கிறான் பலராமன். ஆட்சேபணைக் கடிதம் எழுத உட்கார்ந்தான். 'தமிழாசிரியராகிய நான், அடிக்கவும் என்ற சொல்லைத் தவறாகப் பொருள் கொண்டு…' அதற்கு மேல் பேனா நகரவில்லை. சங்கத் தலைவரின் பேரன் இவனிடம்தான் தமிழ் படிக்கிறான்.

நான் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். முறைத்தான். சண்டை தொடங்கிய பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஏப்ரல் 17

பதினைந்து நாள் முடிந்தது. கடிதம் போகவில்லை.

மே 20

குடி வந்தோம். நிலை வேம்புதான்.

1986 செப்டம்பர் 10

சங்கத்தில் மாறும் வட்டியை இரண்டாம் முறையாக ஏற்றிவிட்டார்கள். அதை எடுத்த அடுத்த வீட்டுத் தருமன் புலம்பிக்கொண்டு வந்தார். பலராமன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்கிறான்: "நான் அப்பவே யோசிச்சேங்க. நீண்ட காலக் கடன்னா நிலையானதுதான் சரி."

யோசித்தானாம்! வாய் வரை வந்தது. சந்திரகலா என்னைப் பார்த்தாள். காபியைக் குடித்தேன்.

இனி நடக்க வேண்டியவை:

மாதாமாதம் ஏழாம் தேதி தவணை, பலராமன்.
ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைப்பது, சந்திரகலா.
நிலைக்கு மஞ்சள் குங்குமம், மணியம்மாள். அதற்கும் வட்டி என்று ஊரில் சொல்லக் கூடாது.
வாயை மூடிக்கொண்டிருப்பது, நான். இருக்கிற வேலையில் இதுதான் கஷ்டம்.
2003 மே, கடைசித் தவணை, அதே தொகை, பலராமன். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். டிக் அடித்த கதையை அதற்குப் பிறகு தெருவுக்கே சொல்லலாம், சந்திரகலா.